தூத்துக்குடிக்கு ஆலைகள் ஏன் வருகின்றன? துறைமுகத்துக்கு அப்பாலும் ஒரு கணக்கு

சென்னைக்குப் பக்கத்தில், திருவள்ளூர் மாவட்டம் வெங்கலில் காற்றாலை இறக்கைகள் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 75 மீட்டர் நீளம் வரும். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. அந்த வட்டாரத்திலேயே சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் இருக்கின்றன. அப்படியும் சில வருடங்களுக்கு முன் ஜெர்மனிக்குப் போன இறக்கைகள் நீளமான டிரெய்லர்களில் 600 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே வந்து, தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறின.

பக்கத்து வாசலை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் ஏன் வரவேண்டும்? 75 மீட்டர் சரக்கை ஏற்றிய வண்டி சாதாரணத் தெருமுனையில் திரும்பாது. கூடவே ஆட்கள் நடந்து வந்து குறுக்கே தொங்கும் ஒயரைக் கம்பால் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு வளைவைக் கடக்கவே எதிர்ப்பக்கப் போக்குவரத்தை முழுக்க நிறுத்தியாக வேண்டும். பெருநகரத்து நெரிசலுக்குள் அதைக் கொண்டுபோவது பெரும்பாடு. தூத்துக்குடிக்கோ மதுரையிலிருந்து நான்குவழிச் சாலை. ஊர் நடுவே நுழையாமலே துறைமுகத்துக்குப் போய்விடலாம். சாலையின் இரு பக்கமும் உப்பளம், தட்டையான பூமி. துறைமுகத்துக்குள் இறக்கைகளை வரிசையாகக் கிடத்தி வைக்க அகலமான வெட்டவெளி. கப்பல் வரும்வரை அவை அங்கே கிடக்கலாம்.

ஒரு கடலோர ஊரில் பணம் போட நினைக்கிற தொழிலதிபர் போக்குவரத்து இணைப்பு என்று எதைப் பார்க்கிறார் என்பது இந்த ஒரு உதாரணத்திலேயே பாதி விளங்கிவிடும். அவர் வரைபடத்தில் தூரத்தை அளப்பது கடைசியில்தான். சரக்கு ஆலை வாசலை விட்டுக் கிளம்பியதிலிருந்து வாங்குபவர் கையில் சேரும்வரை எத்தனை நாள், எவ்வளவு செலவு, சொன்ன நாளில் போய்ச் சேரும் என்பது எவ்வளவு நிச்சயம்? இந்த மூன்றும்தான் முதல் கேள்விகள். மூன்றிலும் நிச்சயம்தான் பெரிது என்பது என் எண்ணம். எட்டு நாள் ஆகும் என்றால் எட்டு நாளுக்கு ஏற்றபடி திட்டம் போட்டுக்கொள்ளலாம். ஐந்து நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம் என்றால் எந்தத் திட்டமும் போட முடியாது.

தூத்துக்குடியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்த ஊரில் இணைப்புகள் ஒவ்வொன்றும் எப்போது வந்தன, வந்த பிறகு என்ன நடந்தது என்பதைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. நல்லதும் குறையும் இரண்டுமே கண்ணுக்குத் தெரிகிற ஊர்.

கடல் பக்கத்திலிருந்து

தூத்துக்குடிக் கடல் அமைதியானது. கிழக்கே இலங்கை குறுக்கே நிற்பதால் வங்காள விரிகுடாவின் புயல்கள் பெரும்பாலும் இங்கே நேராக வந்து மோதுவதில்லை. வருடம் முழுக்கக் கப்பல் வேலை நடக்கும். ஆனால் கரையோரம் ஆழம் குறைவு. பழைய காலத்தில் நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போட்டு நின்றன. சரக்கும் ஆளும் தோணியில்தான் போய்வர வேண்டியிருந்தது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கடலுக்குள் கல்லைக் கொட்டி இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம். நடுவில் தோண்டி ஆழப்படுத்தி ஒரு செயற்கைத் துறைமுகத்தையே உருவாக்கினார்கள். 1974 ஜூலையில் இது பெருந்துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது. 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தார்கள்.

துறைமுகத்தைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி காதில் விழுகிற சொல் டிராஃப்ட். கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்ற அளவு அது. சரக்கு ஏற ஏறக் கப்பல் அமிழும். ஒரு துறைமுகத்தில் 14 மீட்டர் டிராஃப்ட் என்றால், அந்த அளவுக்கு அமிழ்ந்த கப்பல் வரை அங்கே வந்து கட்டலாம் என்று அர்த்தம். இருபதாயிரம் பெட்டி சுமக்கிற ராட்சதக் கப்பல்களுக்கு 16 மீட்டர் போல வேண்டும். பெட்டி என்றால் கண்டெய்னர். எண்ணிக்கையை எப்போதும் 20 அடி நீளப் பெட்டிக் கணக்கில்தான் சொல்வார்கள். 40 அடிப் பெட்டி வந்தால் அதை இரண்டாக எண்ணிக்கொள்வார்கள்.

தூத்துக்குடியில் 1999இல் கண்டெய்னர் முனையம் தொடங்கியது. 2014இல் இன்னொன்று வந்தது. 2024 செப்டம்பரில் திறந்த மூன்றாவது முனையத்தில் ஆழம் 14 மீட்டருக்கு மேல், கப்பல் கட்டும் இடத்தின் நீளம் 300 மீட்டருக்கு மேல். முன்பைவிடப் பெரிய கப்பல்கள் வரலாம். ஆனாலும் உலகத்தின் மிகப் பெரிய கப்பல்கள் இங்கே வருவதில்லை. அப்போது இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போகிற பெட்டி எப்படிப் போகும்?

ஃபீடர் கப்பல் என்று ஒன்று இருக்கிறது. ஆயிரம், இரண்டாயிரம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் உள்ள பெரிய துறைமுகத்துக்குப் போகிற சின்னக் கப்பல். தூத்துக்குடிப் பெட்டிகளுக்கு அந்தப் பெரிய துறைமுகம் பெரும்பாலும் கொழும்பு. சுமார் 150 கடல் மைல், ஒரு ராத்திரி ஓட்டம். கொழும்பில் இறக்கி, ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிற தாய்க்கப்பலில் மாற்றி ஏற்றுவார்கள். இந்தியாவிலிருந்து இப்படிக் கப்பல் மாறிப் போகிற சரக்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் மாறுகிறது என்று அரசே சொல்லிவருகிறது.

இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. கொழும்பில் உலகத்தின் எல்லாத் திசைக்கும் கப்பல் கிடைக்கும். தூத்துக்குடி ஏற்றுமதியாளருக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சந்திப்பு இருக்கிற மாதிரி. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தடவை கூடுதலாக ஏற்றி இறக்குகிற கூலி சேரும். கொழும்பில் நெரிசல் வந்தால் அது இங்கேயும் வலிக்கும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. கொழும்பு நிரம்பி வழிந்தது, பெட்டிகள் காத்துக் கிடந்தன. நம் கையில் இல்லாத ஒரு துறைமுகத்தை நம்பியிருப்பதன் விலை அது.

இன்னொரு விஷயம், வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கடல் வழியில் தூத்துக்குடிக்குக் கொழும்புதான் பக்கம், சென்னை ரொம்ப தூரம். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றியே வரவேண்டும். இதைத் தீர்க்கத்தான் 2005இல் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கி, வழக்குகளில் சிக்கிப் பாதியில் நின்றது.

ஒரு பெட்டியின் பின்னால் போவோம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஐரோப்பாவில் ஒரு கடைக்கு டி-ஷர்ட் அனுப்ப வேண்டும். வாங்குபவர் சொல்வது ஒரே ஒரு தேதிதான்: இந்த நாளுக்குள் கடையில் சரக்கு இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தால், தூத்துக்குடியில் எந்த ஃபீடரைப் பிடிக்க வேண்டும், அதற்கு எப்போது கேட் மூடுகிறார்கள் என்ற இடத்தில் வந்து நிற்கும். கேட் மூடும் நேரத்தைக் கட்-ஆஃப் என்பார்கள். ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற சொல் இது.

முதலில் காலிப் பெட்டி வேண்டும். அது தூத்துக்குடியில் உள்ள யார்டிலிருந்து டிரெய்லரில் திருப்பூருக்கு வரும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஏற்றுமதி மட்டும் நடக்கிற ஊரில் காலிப் பெட்டிக்குத் தட்டுப்பாடு வரும், ஏனென்றால் பெட்டி எங்கிருந்தோ வந்தால்தான் இங்கிருந்து போகும். தூத்துக்குடிக்கு மரத்தடிகள், முந்திரிக்கொட்டை, பழைய காகிதம், இயந்திரங்கள் என்று இறக்குமதியும் வருவதால், அந்தப் பெட்டிகள் காலியானதும் பின்னலாடைக்கும் தீப்பெட்டிக்கும் கிடைக்கின்றன. வருகிற சரக்கும் போகிற சரக்கும் ஓரளவு சமமாக இருக்கிற ஊரில் வாடகை குறையும். ஆலை வைக்க வருகிறவர் இதைக் கட்டாயம் விசாரிப்பார்.

சரி, பெட்டி வந்தாச்சு. கம்பெனி வாசலிலேயே அட்டைப்பெட்டிகளை அடுக்கி, கதவைச் சாத்தி, மின்னணு சீல் வைக்கிறார்கள். எடை போட்டுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். 2016 ஜூலை முதல் உலகம் முழுக்க எடை சரிபார்க்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது. பிறகு வண்டி கிளம்பும். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை. அங்கிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நேரே தெற்கே. எலியார்பத்தி டோல்கேட், புதூர் பாண்டியாபுரம் டோல்கேட். சாயங்காலம் கிளம்பினால் விடிவதற்குள் தூத்துக்குடி.

இங்கே வந்ததும் இரண்டு வழி. ஒன்று, சி.எஃப்.எஸ். எனப்படும் சரக்குப் பெட்டி நிலையத்துக்குப் போவது. துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் இந்த நிலையங்களில்தான் சுங்கச் சோதனை, காகித வேலை எல்லாம் நடக்கும். ஒரு பெட்டியை நிரப்பும் அளவுக்குச் சரக்கு இல்லாத சின்னக் கம்பெனிகளின் சரக்கைச் சேர்த்து அடுக்குவதும் இங்கேதான். இரண்டாவது வழி, ஆலையிலேயே சீல் வைத்த பெட்டியை நேராகத் துறைமுகத்துக்குள் கொண்டுபோவது. தூத்துக்குடியில் இந்த நேரடி நுழைவு வசதி இருக்கிறது. ஒரு தடவை இறக்கி ஏற்றுகிற கூலியும் நேரமும் இதில் மிச்சம்.

கட்-ஆஃபைத் தவறவிட்டால் என்ன ஆகும்? அடுத்த ஃபீடர். அது கொழும்பில் பிடிக்க வேண்டிய தாய்க்கப்பல் வாரம் ஒன்றுதான் என்றால் ஒரு வாரம் போச்சு. சீசன் சரக்காக இருந்தால் வாங்குபவர் விலையைக் குறைப்பார், அல்லது விமானத்தில் அனுப்பச் சொல்வார். விமானக் கட்டணம் கப்பலைப் போலப் பல மடங்கு. அந்த ஆர்டரில் கிடைக்க வேண்டிய லாபம் முழுக்க அதிலேயே போய்விடும். டோல்கேட்டில் ஒரு மணி நேரம், துறைமுக வாசலில் மூன்று மணி நேரம் என்று சில்லறையாகப் போகிற நேரம் கடைசியில் இப்படித்தான் ஒரே தொகையாக வந்து நிற்கும்.

திருப்பூரிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் கொச்சிதான் பக்கம். வல்லார்பாடத்தில் 2011 முதல் பெரிய கண்டெய்னர் முனையமும் இருக்கிறது. அப்படியிருந்தும் பின்னலாடைப் பெட்டிகளில் பெரும்பகுதி தூத்துக்குடிக்கே வருகிறது. வாரத்தில் பல ஃபீடர்கள், கைக்கெட்டும் காலிப் பெட்டிகள், பல வருடப் பழக்கமுள்ள சுங்க ஏஜெண்டுகள், சி.எஃப்.எஸ்.கள் என்று ஒரு முழு ஏற்பாடு இங்கே வேரூன்றிவிட்டது. இந்த ஏற்பாடு எந்த வரைபடத்திலும் தெரியாது. ஆனால் முதலீட்டாளர் ஊருக்கு வந்து இரண்டு நாள் தங்கி விசாரிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

கடைசி ஐந்து கிலோமீட்டர்

நெடுஞ்சாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், துறைமுக வாசலுக்கு முந்தைய சில கிலோமீட்டர்தான் வண்டியைப் படுத்தி எடுக்கும். நிலக்கரி லாரி, உப்பு லாரி, கண்டெய்னர் டிரெய்லர், நகரத்து பஸ், ஸ்கூட்டர் எல்லாம் ஒரே சாலையில் சேருகிற இடம் அது. கிணறு எத்தனை ஆழமானாலும் கயிறு எட்டும் அளவுக்குத்தானே தண்ணீர்? 2025 ஜூலையில் தூத்துக்குடித் துறைமுகச் சாலை ஆறுவழியாக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. நீளம் 5 கிலோமீட்டர் சொச்சம், செலவு ஏறக்குறைய 200 கோடி ரூபாய். ஐந்து கிலோமீட்டருக்கு இவ்வளவா என்று தோன்றலாம். துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் தினம் தினம் அந்த நீளத்தில் எவ்வளவு நேரம் இழந்தன என்று யோசித்தால் இது நியாயமான செலவு.

ரயில் எங்கே பொருந்தும்?

ரயிலில் அனுப்பினால் மலிவு என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லாச் சரக்குக்கும் அது சரியில்லை. ஆலையிலிருந்து லாரியில் ரயில்நிலையம், அங்கே ஏற்றி, துறைமுகத்தில் இறக்கி என்று இரண்டு தடவை கூடுதல் கைமாற்றம் வரும். இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தக் கூலியே ரயிலின் மலிவைச் சாப்பிட்டுவிடும். தூரம் கூடக் கூட, சரக்கின் எடை கூடக் கூட ரயில் ஜெயிக்கும். நிலக்கரி, உரம், சிமெண்ட், உப்பு இதெல்லாம் ரயில் சரக்கு. துறைமுகத்துக்குள்ளேயே தண்டவாளம் போவது அதற்காகத்தான்.

பழைய வரலாறு ஒன்று இங்கே பொருத்தமாக இருக்கிறது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. கரிசல் காட்டுப் பருத்தி அதுவரை மாட்டு வண்டியில் வந்துகொண்டிருந்தது. ரயில் வந்த பத்துப் பதினைந்து வருடத்தில் ஹார்வி சகோதரர்கள் தூத்துக்குடியில் கோரல் மில்லை ஆரம்பித்தார்கள். பின்னால் பருத்திக்காடு, முன்னால் கடல், நடுவில் தண்டவாளம். அந்தக் காலத்து முதலீட்டாளரும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார். சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பயணிகள் இங்கே இறங்கி நீராவிக் கப்பலில் கொழும்பு போனார்கள். 1914இல் பாம்பன் பாலம் வந்த பிறகு அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறிப்போனது. இன்னொரு ஊரில் புதிய இணைப்பு வந்தால் நம் ஊர் இழக்கவும் செய்யும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் தேட வேண்டாம்.

இன்றைக்கு வாஞ்சி மணியாச்சி வழியாக இரட்டைப் பாதை இருக்கிறது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக நேராக வரும் 140 சொச்சம் கிலோமீட்டர் புதுப் பாதையில் மீளவிட்டான் – மேல்மருதூர் பகுதி மட்டும் முடிந்திருக்கிறது. மீதியும் வந்துவிட்டால் ரயில் இல்லாத ஒரு பெரிய வறண்ட நிலப்பரப்பு துறைமுகத்தோடு சேர்ந்துவிடும். அந்தப் பக்கத்து மக்கள் இதற்காக எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

விமானம் ஆட்களுக்கு

வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை முன்பு 1,350 மீட்டர்தான். எழுபது பேர் உட்காருகிற ஏ.டி.ஆர். விமானம் மட்டுமே இறங்க முடிந்தது. இப்போது அது 3,115 மீட்டர். 2025 ஜூலை 26ஆம் தேதி புதிய முனையமும் திறந்தார்கள். வருடத்துக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளலாம். ராத்திரியிலும் விமானம் இறங்கலாம்.

சரக்குக்குக் கப்பல் இருக்கும்போது ஆலைக்கு விமானம் எதற்கு? இயந்திரம் பழுதானால் சரிசெய்யும் பொறியாளர் மறுநாள் காலையில் வந்து நிற்க வேண்டும். வாங்குபவரின் தரச் சோதனையாளர் வந்து பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும். கைப்பெட்டியில் அடங்குகிற ஒரு சின்ன உதிரிபாகத்துக்காக முழு ஆலையும் நிற்கலாம். அதோடு, மேலாளராக வருகிறவரின் குடும்பம் இந்த ஊரில் தங்கச் சம்மதிக்குமா என்பதையும் ஓரளவு விமானம்தான் முடிவு செய்கிறது. முன்பெல்லாம் பெரிய விமானத்துக்கு மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போயாக வேண்டும். பாதி நாள் சாலையிலேயே கழியும்.

ஒரே கம்பெனி கையில் இருந்தால்

பாதை இருந்தால் மட்டும் போதாது, அதில் வண்டியோட்டுகிறவர்கள் ஒருவருக்கு மேல் இருக்க வேண்டும். இதைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூத்துக்குடி – கொழும்பு கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்த காலத்தில்தான் 1906இல் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். போட்டி வந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைச் சரசரவென்று குறைத்தது. கடைசியில் இலவசமாகவே ஏற்றி, கூடவே குடையும் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். 1908இல் அவர் சிறைக்குப் போனார், கம்பெனி நொடித்தது, பழைய ஏகபோகம் திரும்பியது. அவர் செய்ததை நாம் தேசபக்தியாக மட்டுமே படிக்கிறோம். துறைமுகப் பொருளாதாரத்தை அவ்வளவு தெளிவாகப் புரிந்திருந்த மனிதர் என்றும் அவரைப் படிக்க வேண்டும். இன்றைக்கும் புதிதாக வருகிற முதலீட்டாளர் கேட்பது அதுதான்: எத்தனை கப்பல் கம்பெனிகள் வருகின்றன, எத்தனை முனையங்கள் இருக்கின்றன, ஒருவர் விலையை ஏற்றினால் இன்னொருவரிடம் போக முடியுமா?

அறுந்தால் என்ன செய்வது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஏரலில் பாலம் அடித்துக்கொண்டு போனது. சாலையும் தண்டவாளமும் ஒரே நேரத்தில் அறுந்தன.

மழை மட்டும் காரணமில்லை. திருநெல்வேலி – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில், வல்லநாட்டில் தாமிரபரணியைக் கடக்கும் பாலத்தின் தளத்தில் திரும்பத் திரும்ப ஓட்டை விழுந்து, ஒரு பக்கத்தை மூடிவிட்டு மறுபக்கத்தில் வண்டிகளை விட்டார்கள். கட்டிப் பத்து வருடம்கூட ஆகாதபோதே தொடங்கிய சிக்கல் அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது உள்ளூர்ச் செய்தி. துறைமுகத்தை நம்பி ஆலை நடத்துகிறவருக்கு, திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிற சரக்கு எல்லாம் கடந்தாக வேண்டிய இடம். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான். தூத்துக்குடிக்கு மதுரைச் சாலை, திருநெல்வேலிச் சாலை, ராமநாதபுரம் பக்கமிருந்து வரும் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று மூன்று இருப்பது பெரிய பலம். அந்த மூன்றையும் ஒழுங்காகப் பராமரிப்பது புதிதாக ஒன்று கட்டுவதைவிட அவசரம்.

இதெல்லாம் சேர்ந்தால்

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் சில்லாநத்தம் சிப்காட்டில் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஆலை திறப்பு. சுமார் 400 ஏக்கர், ஆரம்பத்தில் வருடத்துக்கு 50,000 கார் செய்யும் திறன். தமிழ்நாட்டில் கார் என்றால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றுதான் வழக்கம். உதிரிபாகம் செய்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கிறார்கள். அதை விட்டு இவர்கள் ஏன் தெற்கே வந்தார்கள்?

தொடக்கத்தில் பாகங்கள் வியட்நாமிலிருந்து கப்பலில் வந்து இங்கே பூட்டப்படுகின்றன. அப்படிப்பட்ட ஆலைக்கு உள்ளூர் உதிரிபாகக்காரரைவிடத் துறைமுகம் முக்கியம். செய்த காரை வெளிநாட்டுக்கு அனுப்பும் திட்டமும் இருக்கிறது. துறைமுகத்துக்கு அருகிலேயே, மதுரைச் சாலையை ஒட்டி, இவ்வளவு பெரிய நிலம் ஒரே துண்டாகக் கிடைத்தது. சென்னைப் பக்கம் அந்த அளவு நிலத்துக்கு விலை என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளில் உரத் தொழிற்சாலை வந்ததும், 1979இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியதும் இதே தர்க்கத்தில்தான். கப்பலில் வந்த நிலக்கரியைக் கன்வேயர் பெல்ட்டில் அப்படியே ஆலைக்குள் கொண்டுபோகிற இடத்தில் மின்நிலையம் கட்டினார்கள்.

ஆனால் நாளைக்கு இந்தக் கார் ஆலைக்கு உள்ளூர்ப் பாகங்கள் வேண்டியிருக்கும். அப்போது ஓசூரிலிருந்தும் கோவையிலிருந்தும் நேரத்துக்கு லாரி வரவேண்டும். முதல் கட்டத்தில் கடல் இணைப்பு இழுத்து வந்த ஆலையைத் தக்கவைப்பது தரை இணைப்பாகத்தான் இருக்கும்.

அப்புறம் விழிஞ்ஞம். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் 2025 மே மாதம் முறைப்படி திறந்த இந்தத் துறைமுகத்தில் இயற்கையாகவே 18 மீட்டருக்கு மேல் ஆழம். உலகக் கப்பல் பாதையிலிருந்து சுமார் 10 கடல் மைல்தான். கொழும்பில் மாறுகிற பெட்டிகளில் ஒரு பங்கு இனி அங்கே மாறலாம். தூத்துக்குடிக்கு இது போட்டியா, துணையா என்று இங்கே பலரும் பேசிக்கொள்கிறார்கள். என் கணிப்பில், தூத்துக்குடி ஃபீடர்களுக்குக் கொழும்போடு இரண்டாவதாக ஒரு வாசல் கிடைப்பது ஏற்றுமதியாளருக்கு நல்லதுதான். பேரம் பேச இடம் கிடைக்கும். அதே சமயம், நாகர்கோவில் வழியாக விழிஞ்ஞத்துக்கு நல்ல சரக்குச் சாலையும் ரயிலும் வந்துவிட்டால், திருநெல்வேலிப் பக்கத்துப் பெட்டிகள் தூத்துக்குடிக்கு வராமலே அந்தப் பக்கம் திரும்பவும் கூடும்.

தூத்துக்குடியில் இதற்குப் பதிலாக வைத்திருப்பது வெளித்துறைமுகத் திட்டம். இப்போதுள்ள அலைத்தடுப்புச் சுவர்களுக்கு வெளியே, இன்னும் ஆழத்தில், தாய்க்கப்பல்களே வந்து கட்டும்படியான கண்டெய்னர் முனையம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், மதிப்பீடு 7,000 கோடி ரூபாய்க்கு மேல். அது முடிந்தால் அமெரிக்காவுக்குப் போகிற பெட்டி கொழும்பில் இறங்காமலே போகலாம். ஆனால் தாய்க்கப்பல் ஒரு துறைமுகத்துக்கு வர ஆழம் மட்டும் போதாது. ஒரு தடவை வந்தால் ஆயிரக்கணக்கில் பெட்டி ஏற்றி இறக்க வேலை இருக்க வேண்டும். அந்தச் சரக்கு சில்லாநத்தத்திலும் சிவகாசியிலும் திருப்பூரிலும் விளைய வேண்டும். அருப்புக்கோட்டை ரயில் பாதையின் மீதிப் பகுதியும் வல்லநாட்டுப் பாலமும் வெளித்துறைமுகத்தின் கணக்கிலேயே சேர வேண்டியவை.